கருப்பியைக் கூடையில் கவிழ்த்த நாள்

பாசமுள்ள அத்தைக்கு,

நீங்க இருந்தவரைக்கும் நாம ரெண்டு பேரும் நேருக்கு நேரா பேசினது ரொம்பக் கம்மி. நான் கூடத்துல உட்கார்ந்திருப்பேன். நீங்க அடுப்படியில இருந்தபடியே, “மலரு, அவரைச் சாப்பிட வரச்சொல்லு”ன்னு உங்க பொண்ணுகிட்டச் சொல்வீங்க. நானும், “அத்தைக்கு மாத்திரை வாங்கணுமான்னு கேளு”ன்னு அவகிட்டத்தான் சொல்வேன். மாமியாரும் மருமகனுமா ஒரே வீட்டுல பத்து வருஷம் இப்படியே ஓட்டிட்டோம். இப்போ சொல்லப்போற விஷயத்தை மலர் மூலமா சொல்ல முடியாது. அதனால நானே எழுதுறேன்.

அடி அண்ணாமலை அப்படியேதான் இருக்கு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம்தான் ஜாஸ்தி ஆகுது. நான் கீழ்பென்னாத்தூருக்கும் டவுனுக்கும் அதே வேனைத்தான் ஓட்டிட்டிருக்கேன். இடுப்பு வலி விடல. ராத்திரி படுத்தா விடிஞ்சதும் எழுந்திரிக்கணுமேன்னுதான் முதல்ல தோணுது. உங்களுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமோ?

உங்க கோழிங்களைப் பத்திச் சொல்லணும். சித்திரை வெயில்ல தெரு முழுக்கக் கோழிச்சீக்கு வந்தது. நம்ம கொல்லையையும் விடல. காலையில கூண்டைத் திறந்தா ரெண்டு மூணு தலை தொங்கிக் கிடக்கும். சாயந்திரம் இன்னும் ரெண்டு. செஞ்சேவலும் போச்சு. கொய்யா மரத்துக்கு அந்தப் பக்கம் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டு நானே புதைச்சேன். மிஞ்சினது உங்க செல்லம் கருப்பியும் இன்னும் ரெண்டு பெட்டையும்தான்.

நீங்க போன மறுநாள்கூட எழுந்து வந்து தீனி போட்டவ மலர். அந்தச் சீக்குக்கு அப்புறம் கொல்லைப் பக்கமே போறதில்லை. நீங்க இறந்ததுக்கும் அவ சத்தமா அழல, இதுக்கும் அழல. “சாப்பிடுங்க”, “போய்ட்டு வாங்க”. அவ்வளவுதான் பேச்சு. நானும் அசந்துபோய் வர்றவன், அதுக்கு மேல என்ன கேக்கறதுன்னு தெரியாது.

ஒரு நாள் கீழ்பென்னாத்தூர் சந்தையில ஒருத்தர் நாட்டுக்கோழிக் குஞ்சு வெச்சு வித்துட்டிருந்தார். வேனை ஓரம் கட்டினேன். ஏன் வாங்கினேன்னு இன்னிக்கும் எனக்குச் சரியா சொல்லத் தெரியல. அட்டைப்பெட்டியை மலர் முன்னாடி வெச்சேன். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கல.

“இதை யாரு வளர்க்கிறது?”

“நான்தான்.”

“உங்களுக்குக் கோழியைப் பத்தி என்ன தெரியும்?”

ஒண்ணும் தெரியாதுங்க அத்தை. முட்டைக் குழம்பு மட்டும்தான் தெரியும். ஆனா குஞ்சுக்குச் சூடு வேணும்னு சந்தைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். அடுப்படி மூலையில பெட்டியை வெச்சு குண்டு பல்பு தொங்கவிட்டேன். கரண்ட் போனா சோடா பாட்டில்ல வெந்நீர் ஊத்தி, பழைய துணி சுத்தி, நடுவுல வெப்பேன். குஞ்சுங்க அதைச் சுத்தி ஒட்டிக்கிட்டுத் தூங்கும். சீக்கு வந்த கூண்டைக் கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, வெயில்ல காயவிட்டேன். வேன் ஓட்டிட்டு வந்து இதையும் செய்யறப்போ, எதுக்குடா இந்த வேலைன்னு என்னையே திட்டிக்குவேன்.

ரெக்கை முளைச்சதும், இனிமே அதுங்க சமாளிச்சுக்கும்னு நினைச்சு நேரா கொல்லையில விட்டுட்டேன். கருப்பி கழுத்து மயிரைச் சிலுப்பிக்கிட்டு ஓடி வந்தது. ஒரு குஞ்சு மண்டையில கொத்தினதுல தோல் கிழிஞ்சு போச்சு. ரத்தத்தைப் பார்த்ததும் மத்த ரெண்டு பெட்டையும் சேர்ந்துக்கிச்சு. நான் ஓடிப்போய்த் தூக்கறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. என் உள்ளங்கையிலேயே அது ஒரு தரம் காலை நீட்டி அடங்குச்சு.

சத்தம் கேட்டு மலர் வந்து நின்னா. “எங்கம்மா இருந்திருந்தா இப்படித் தொறந்து விட்டிருக்குமா?”

எனக்கும் கோபம் வந்துடுச்சு. “அப்போ நீ வந்து சொல்லியிருக்கலாம் இல்ல?”

அவ தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னா: “புதுக் கோழி வந்தா அம்மா வலை கட்டி அந்தப் பக்கம் விடும். தினமும் பார்த்துப் பார்த்துப் பழகினாத்தான் உண்டு. அப்புறம் பொழுது சாயறப்போ, எல்லாம் தூக்கக் கலக்கத்துல இருக்கும்போது கூண்டுல சேர்த்துவிடும்.”

உங்களைப் பத்தி அவ அத்தனை பேசினது அன்னிக்குத்தான்.

வலை கட்டினேன். ரெண்டு பக்கமும் நொய் தூவினேன். ஒண்ணை ஒண்ணு பார்த்துக்கிட்டே தின்னுச்சுங்க. கொஞ்சம் பெருசானதும், இருட்டுற நேரமா ஒவ்வொண்ணா கூண்டுக்குள்ள விட்டோம். விடிஞ்சு பார்த்தா எல்லாம் உயிரோட இருந்தது. தீனியையும் தண்ணியையும் ரெண்டு மூணு இடத்துல வெச்சேன். மத்த ரெண்டு பெட்டையும் சும்மா இருந்தது. கருப்பி மட்டும் விடல. எந்தத் தட்டுக்குக் குஞ்சு போனாலும் அங்கே போய் நின்னுக்கும். குஞ்சுங்க தண்ணிகூட இல்லாம சுவரோரம் ஒதுங்கி நின்னு வாயைப் பிளந்துக்கிட்டிருந்துச்சு.

வேன்ல வர்ற ஒருத்தர் ஒரு யோசனை சொன்னார். கொத்துற கோழியைக் கொஞ்ச நாள் மத்ததுங்க கண்ணுல படாம தனியா வெச்சா, திரும்பி வர்றப்போ அதிகாரம் அடங்கிடுமாம். மலர்கிட்டச் சொன்னேன்.

“அது அம்மா கையில தின்ன கோழி. அதையா பிடிச்சு அடைக்கச் சொல்றீங்க?”

“சரி, வேணாம்”னு சொல்லிட்டு வண்டி எடுக்கப் போயிட்டேன். சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

மத்தியானம் சாப்பிட வந்தப்போ கூடத்துல கூடை கவிழ்த்திருந்தது. உள்ளே கருப்பி கொக்கரிக்குது. பக்கத்துல மலர் உட்கார்ந்திருந்தா. கையெல்லாம் நகக்கீறல். கூடை மேல கையை வெச்சுக்கிட்டு, “கொஞ்ச நாள்தாம்மா. கோவிச்சுக்காதம்மா. அந்தக் குஞ்சுங்க செத்துடும்மா”ன்னு சொல்லிச் சொல்லி அழறா. நீங்க போனதுல இருந்து வராத அழுகை அத்தை. தெருவுக்கே கேட்டிருக்கும்.

நான் போய் அடுப்புல உலை வெச்சேன். சாயந்திர வேன் நடைக்குப் போகல. ரெண்டு பேரும் வெறும் ரசம் சாதம்தான் சாப்பிட்டோம். ஆனா சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கருப்பியைத் திரும்ப விட்டப்போ அது நேரா தண்ணித் தட்டுக்குப் போச்சு. அங்கே அந்தக் குஞ்சுங்கள்ல வளர்ந்த ஒரு இளஞ்சேவல் நின்னுட்டிருந்தது. சேவல் கழுத்தை நீட்டி ஒரு பார்வை பார்த்தது. அவ்வளவுதான், கருப்பி பின்வாங்கிடுச்சு. இப்போ மத்ததுங்க தின்னு முடிக்கிறவரைக்கும் கொய்யா நிழல்ல ஒத்தையா நிக்குது. கொத்துச் சண்டை ஓய்ஞ்சுபோச்சு. ஆனா அது நிக்கிறதைப் பார்த்தா மனசு கேக்கல. நாங்க செஞ்சது சரிதானா? மலர் காலையில முதல் வேலையா அதைத் தனியா தூக்கிட்டுப் போய் உள்ளங்கையில நொய் வெச்சுத் தின்னக் குடுக்கறா. நீங்களும் அப்படித்தான் குடுப்பீங்கன்னு சொல்றா. நான் பார்த்ததே இல்லை.

வாங்கினதுல எல்லாம் தங்கல. ஒண்ணைப் பருந்து தூக்கிடுச்சு, ஒண்ணு சும்மாவே சோர்ந்து செத்துப்போச்சு. மிச்சம் இருக்கிறது கொல்லை முழுக்கக் கிளறிட்டுத் திரியுது.

இத்தனை வருஷம் இதையெல்லாம் எப்படிச் சத்தமில்லாம செஞ்சீங்க? சர்க்கரை ஏறி, கால் வீங்கி, அந்தக் குள்ளமான கூண்டுக்குள்ள குனிஞ்சு எப்படிப் போய் வந்தீங்க? ஒரு நாளாவது, “இங்க வந்து கொஞ்சம் பிடிப்பா”ன்னு என்னை நேரா கூப்பிட்டிருக்கலாம் இல்ல? நானாவது கேட்டிருக்கலாம்.

கருப்பி முட்டை விடறதை நிறுத்திடுச்சு. குழம்புக்குக் குடுக்கறீங்களான்னு தெருவுல கேட்டாங்க. இல்லைன்னுட்டேன். உங்ககிட்டயும் சொல்லிடறேன் அத்தை: அது கத்திக்கும் போகாது, சந்தைக்கும் போகாது. வயசாகி, தானா கண்ணை மூடற வரைக்கும் இந்தக் கொல்லையில அதுக்கு நிழலும் தண்ணியும் உண்டு. நான் எவ்வளவு அசந்து வந்தாலும் அதைப் பார்த்துட்டுத்தான் படுப்பேன்.

உங்க வீட்டோட தங்கிட்ட மாப்பிள்ளை,
சேகர்