உச்சவரம்பும் உன் அப்பாவும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் தொலைக்காட்சியின் மூலையில், அந்தச் சின்ன வட்டத்துக்குள் உன் கன்னத்தைப் பார்த்தால் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறவள் மாதிரித் தெரியவில்லை. நாடாளுமன்றத்தில் நாள் முழுக்க விவாதம் செய்கிறார்கள், சரி. பேசுகிறவர்கள் மாறி மாறிப் போய் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். அத்தனை பேர் பேச்சையும் சைகையில் சொல்கிற உனக்கு மட்டும் பசிக்காதா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். வீடியோவில் பேசினால் அப்பா பின்னால் வந்து நின்று என் கையைப் படித்துவிடுவார். கையைக் கட்டிக்கொண்டு வாயால் பேசினால் உதட்டைப் படித்துவிடுவார். காது கேட்காத மனிதரிடம் ரகசியம் காப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது என்னைக் கேட்டால்தான் தெரியும். காகிதத்தை மட்டும்தான் சட்டென்று கவிழ்த்து வைக்கலாம். இதை எழுதி முடிப்பதற்குள் நாலு தடவை கவிழ்த்தாயிற்று.

அப்பாவுக்கு உன் மேல் கோபமா என்று கேட்டிருந்தாய். இந்த வேலையை விட்டுவிடட்டுமா என்றும் கேட்டிருந்தாய். முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அது தெரிந்தால் இரண்டாவதற்கு நீயே பதில் சொல்லிக்கொள்வாய்.

கோபம் இருந்தது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? ரொக்கத்துக்கு உச்சவரம்பு வைக்கிற அந்த மசோதாவை நிதியமைச்சர் கொண்டுவந்த அன்றைக்கு, உன்னைக் காட்டிப் பெருமையடிக்க எதிர்வீட்டுப் பெயிண்டரையும் அவர் மனைவியையும் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார். நீயும் திரையில் வந்தாய். இந்த வரம்புக்கு மேல் யாரும் ரொக்கமாகக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது, எல்லாம் வங்கி வழியாகத்தான் என்றாய். கணக்கில் வராத பணம் வரிக்கும் வராமல் போவதால்தான் அரசாங்கத்தின் கடன் இப்படி ஏறிக்கொண்டே போகிறது என்றாய். சொன்னது அமைச்சர்தான். ஆனால் அப்பாவுக்குக் கேட்டது உன் கையிலிருந்து. அப்பாவின் வியாபாரத்தில் ஒரு பழைய வேனை வாங்கினாலும் விற்றாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடும் என்று உனக்கே தெரியும். அவர் எழுந்தார், நாற்காலியைத் திருப்பிப் போட்டார், தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார். பெயிண்டருக்குப் பாவம் எழுந்து போவதா இருப்பதா என்று தெரியவில்லை. சூடான டீயை மடக் மடக்கென்று குடித்துவிட்டு நாக்கைச் சுட்டுக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு நீ வரும் நேரமெல்லாம் நாற்காலி சுவரைப் பார்த்தது. உன் அப்பாவிடம் சண்டை போடுவது எப்படி என்று உனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டால் நான் என்ன கத்தினாலும் போய்ச் சேராது. நான் விளக்கை அணைத்துவிட்டால் அவர் என்ன சொன்னாலும் எனக்கு வந்து சேராது. அந்த வாரம் நான் மூன்று தடவை விளக்கை அணைத்தேன். "அவ என்னங்க செய்வா? அடுத்தவங்க பேச்சைச் சொல்றதுதானே அவ வேலை?" என்று கேட்டதற்கு, "தெரியும். ஆனா என் பொண்ணு கையே என்கிட்ட சொல்லுதே, உன் கையில காசு வெச்சுக்காதேன்னு" என்றார்.

உன் மாமாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் கடிதம் முழுமையாகாது. என் தம்பி இப்போது பொருளாதார நிபுணனாகிவிட்டான். காலையில் வந்தால் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு வரம்பு கூடவே கூடாது என்று முழங்குகிறான். அந்த வரம்பைத் தொடும் அளவுக்குப் பணத்தை மொத்தமாகப் பார்க்க அவனுக்கு இன்னொரு பிறவி வேண்டும். இந்த நாட்டில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தை தலையிலும் இவ்வளவு கடன் என்று எவரோ எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினான். "உனக்கென்னடா, நீ உன் பங்கைத் தனியாவும் வாங்கி வெச்சிருக்கே" என்றேன். அசடு வழியச் சிரித்து, கழுத்துக்குப் பின்னால் சொறிந்துகொண்டே, அடுத்த மாதம் திருப்பித் தந்துவிடுவதாக ஒரு தொகை கேட்டான்.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால், வரம்பு வரட்டும் என்கிற பக்கம். வேன் விற்ற பணம் வீட்டில் இருந்தால் எனக்குக் காது நாய்க்காது ஆகிவிடும். தெருவில் இலை விழுந்தால்கூட எழுந்து உட்காருவேன். அவருக்கென்ன, கதவை உடைத்தாலும் கேட்காது, நிம்மதியாகத் தூங்குவார். ஊரில் வரி கட்டாமல் ஏமாற்றுகிறவர்கள் பெட்டி பெட்டியாக வைத்திருப்பதும் பொய்யில்லையே. இதை நான் சொன்னால் அப்பாவும் ஒப்புக்கொள்கிறார். அவர் வரியில் ஒரு நாள் பாக்கி வைத்தவரில்லை. உன் படிப்புக்குப் போக மிச்சத்தில் அரசாங்கக் கடன் பத்திரம் வாங்கி வைத்தோமே, அதைக் காட்டி, "என்கிட்டயும் கடன் வாங்கினவங்கதானே? கடன் கொடுத்தவன் கையில காசு இருந்தா இவங்களுக்கென்ன பயம்?" என்று அவர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வங்கி வழியாக ஒரு தடவை செய்துதான் பார்ப்போமே என்று நான் நச்சரித்ததில், பேக்கரிக்காரருக்கு விற்ற வெள்ளை வேனுக்கு, வெகுநாளாகச் சும்மா கிடந்த தன் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னார். பெரிய தொகை அல்லவா, வங்கியிலிருந்து போன் வந்தது. கணக்கு வைத்திருப்பவரே பேசி உறுதி செய்ய வேண்டுமாம். அவருக்குக் காது கேட்காது, பேச்சு வராது என்றேன். புரிகிறது, இருந்தாலும் அவரே பேச வேண்டும் என்றாள் அந்தப் பெண். சரி, இரு, கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் பொறுத்து, தொண்டையைச் செருமி, ஆண் குரலில் "ஆமா, நான்தான் பேசறேன்" என்றேன். எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறந்த தேதியைக் கேட்டாள். பழக்க தோஷம், என் தேதியைச் சொல்லித் தொலைத்தேன். குட்டு உடைந்துவிட்டது. கணக்கை முடக்கிவிட்டார்கள். வேன் கைக்கு வராமல் பேக்கரிக்காரர் ரொட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அலைந்தார். அப்பா நேரில் போய் எழுதிக் கொடுத்து, அவர்களும் மரியாதையாகத்தான் நடத்தி, ஒருவழியாகச் சரியானது. ஆனால் விதி மாறாது, அடுத்த வேனுக்கும் போன் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். ரொக்கமாக இருந்தால் வாங்குகிறவர் வேனின் முன்பக்கத்து பானெட்டின் மேல் பணத்தை வைப்பார், இவர் எண்ணுவார், கை குலுக்குவார்கள். நடுவில் யாருக்கும் காது வேண்டாம். நான் கூட வேண்டாம்.

இப்போது உன் தப்புக்கு வருகிறேன். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் மூச்சு விடாமல் பேசினாரே, கடன், கடன், கடன் என்று, அன்றைக்கு நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை சரியான சைகை காட்டினாய். மூன்றாவது தடவை அவசரத்தில் உன் கை கழுத்துக்குப் பின்னால் போய் மெதுவாகச் சொறிந்தது. நம் வீட்டுச் சைகை! மாமா கடன் கேட்க வரும்போது சொறிவதைப் பார்த்து அப்பா கடனுக்கென்று உண்டாக்கினது. நாட்டின் மொத்தக் கடனுக்கும் உன் மாமாவைக் காட்டிவிட்டாய். நான் கையில் இருந்த தட்டைக் கீழே போட்டேன். தரை அதிர்ந்ததில் அப்பா திரும்பினார். அந்த ஆள் நல்ல வேளையாக இன்னொரு தடவை கடன் என்றார், நீயும் இன்னொரு தடவை சொறிந்தாய்.

அவர் சிரித்தால் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வருமே, வீடு முழுக்கக் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவ இன்னும் நம்ம வீட்டுப் பேச்சை மறக்கல" என்றார். நாற்காலியைத் திருப்பிப் போட்டார். அன்றிலிருந்து அது தொலைக்காட்சியைத்தான் பார்க்கிறது.

மேலதிகாரி விளக்கம் கேட்டதையும், தலைநகரத்தில் யாரோ புகார் எழுதியதையும் நினைத்து நீ தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறாய். தவறிவிட்டது, இனி கவனமாக இருப்பேன் என்று எழுதிக் கொடு, போதும். இங்கே அப்பாவின் நண்பர்கள் எல்லோரும் கடனுக்கு இப்போது கழுத்தைத்தான் சொறிகிறார்கள். மாமாவைப் பார்த்ததும் சிரிக்கிறார்கள். தனக்கு மரியாதை கூடிவிட்டதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான், அப்படியே இருக்கட்டும்.

இனி உனக்குத் தெரியாத ஒன்று. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பாவோடு வங்கிக்குப் போவாயே, அவர் காதும் நீயே, வாயும் நீயே. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று எல்லோரும் உன்னை மெச்சுவார்கள். ஒரு நாள் கடன் கேட்கப் போன இடத்தில் அந்த அதிகாரி, "இவருக்கெல்லாம் கடன் கொடுத்தா யார்கிட்ட பேசி வசூல் பண்றது?" என்று உன்னிடமே கேட்டார். நீ அப்பாவிடம், இன்றைக்குக் கூட்டமாக இருக்கிறதாம், பிறகு வரச் சொல்கிறார் என்று சைகை காட்டினாய். அவருக்குத் தெரியாது என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பாய். அவர் உதட்டைப் படித்துவிட்டார். வீட்டுக்கு வந்து என்னிடம், "என் புள்ள எனக்காக இந்த வார்த்தையெல்லாம் கேட்க வேண்டாம். கேட்டு, எனக்காகப் பொய் சொல்லவும் வேண்டாம். அது விளையாடற கை" என்றார். அன்றோடு உன்னை எங்கும் கூட்டிப் போகவில்லை. வங்கிக்குப் போவதை விட்டார். எல்லாம் ரொக்கம் என்று ஆக்கிக்கொண்டார். அப்பாவுக்கு இனி நான் தேவைப்படவில்லை என்று நீ அந்த வயதில் அழுதாய். உனக்காகத்தான் அவர் ரொக்கத்துக்கு மாறினார், கண்ணே. இதைச் சொல்லக் கூடாது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன், எனக்குப் பாரம் இறங்கியது.

இப்போது அந்த மசோதாவுக்காகக் குழு ஒன்று ஊர் ஊராகப் போய்ப் பொதுமக்கள் கருத்தைக் கேட்கிறதல்லவா, அடுத்த மாதம் முதல் வாரத்தில் நம் நகரமன்றக் கூடத்துக்கும் வருகிறது. அப்பா பேசப் போகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டார். வரம்பு வேண்டாம் என்று சொல்ல மாட்டாராம். வையுங்கள், ஆனால் எங்களைப் போனில் கூப்பிடாதீர்கள், எழுத்தில் கேளுங்கள், எங்கள் கைக்குப் பதில் சொல்லத் தெரிந்த ஒரு ஆளை வங்கியில் வையுங்கள், அதுவரை பானெட்டின் மேல் வைக்கிற பணத்தைத் தடுக்காதீர்கள், இவ்வளவுதான். கொட்டகையில் வேனின் பக்கக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்க்கிறார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன்.

சைகையைக் குரலாகச் சொல்ல ஒருவரை அனுப்புகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டார். நான் சொல்கிறேன் என்றேன். "நான் பத்து சொன்னா நீ இருபதாச் சொல்லுவே, அதுல பதினஞ்சு உன் சொந்தச் சரக்கா இருக்கும்" என்றார். அது உண்மைதான். அப்படியானால் யார்தான் என்று கேட்டேன். இரண்டு விரலால் புருவத்தைத் தொட்டார். தொட்டிலில் கிடந்தபோதே நீ புருவத்தைத் தூக்கிப் பார்ப்பாய் என்று உனக்கு அவர் வைத்த சைகைப் பெயர் அது. தொட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வேனைக் கழுவப் போய்விட்டார். கல்லுளிமங்கன், அவராக உன்னிடம் கேட்க மாட்டார். உன் வேலைக்கு இடைஞ்சல் ஆகுமோ என்று பயம். கூடத்து அதிகாரியிடம் நானே கேட்டேன். அவரவர் விரும்புகிறவரை அழைத்து வரலாமாம், சொன்னதைச் சொன்னபடி சொன்னால் போதுமாம். உன் மேலதிகாரியிடமும் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்.

வா, கண்ணே. இத்தனை நாள் அவர்கள் பேச்சை உன் கையால் அப்பாவுக்குச் சொன்னாய். ஒரு நாள் அப்பா கையை உன் வாயால் அவர்களுக்குச் சொல். இனிப்பாக மாற்றாதே, அவர் சொல்கிறபடியே சொல். சைகையைக் குரலில் சொல்லும்போது நீங்களெல்லாம், அவர் சொல்கிறார் என்று சொல்ல மாட்டீர்கள், நான் என்றுதான் ஆரம்பிப்பீர்கள் என்று நீதான் ஒரு தடவை சொன்னாய். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன் அப்பாவின் சிரிப்பை நான் கேட்டிருக்கிறேன், இருமலைக் கேட்டிருக்கிறேன். அவர் "நான்" என்று ஒரு பேச்சை ஆரம்பிப்பதைக் காதால் கேட்டதில்லை. முதல் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்து கேட்கப் போகிறேன்.

உன் கைகளுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். குளிர் காலம், கையுறை போட்டுக்கொள்.

என்றும் உன்,
அம்மா