ஜானட் வீட்டுக்குப் போன மாதா

ராயபுரம்,
அக்டோபர் 23

அன்பு மகள் சாண்ட்ராவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அம்மாவும் சுகமாயிருக்கிறோம், தோகாவில் நீயும் மாப்பிள்ளை ஃபவாஸும் சுகமாயிருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், எனக்கும் கோர்வையாக வராது, அதனால்தான் இந்தக் கடிதம். இது ஜெபமாலை மாதம் அல்லவா, மாதா சுரூபம் தினம் ஒரு வீடாகப் போகிறது. நம் தெருக்காரர்கள் சேர்ந்து ஜெபிக்கும் அன்பியத்துக்குச் செயலர் என்று என்னைத்தான் போட்டிருக்கிறார்கள், பட்டியல் எழுதியதும் நான்தான். நாள் முப்பத்தொன்று, வீடும் முப்பத்தொன்று, கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஆனால் தலைவர் இக்னேஷியஸ் கூட்டத்தில் ஜானட் வீட்டைப் பட்டியலிலிருந்து அடிக்கச் சொன்னார். காசிமேட்டில் மீன் விற்கிறாளே, புருஷன் விட்டுப் போனவள், அவளேதான். சாத்தாங்காட்டில் இரும்பு லாரி ஓட்டும் ஜெயவேல் இப்போது அவளோடு இருக்கிறான், கோவிலில் தாலி கட்டவில்லை. "நாம யாரையும் தீர்ப்பிட வேணாம், லிஸ்ட்ல மட்டும் வேணாம்" என்றார், எவ்வளவு பெரிய மனசு பார். காலியான நாளைத் தன் வீட்டுக்கே எடுத்துக்கொண்டார். மாதா அவர் வீட்டில் இரண்டு நாள், பாவம், அவருக்குத் தேவை அதிகம் போலிருக்கிறது. நான் மெதுவாக, அவளும் நம் கோவில் பங்கைச் சேர்ந்தவள்தானே என்றேன். "சவரி, உன் பொண்ணு போன போக்குக்கு உன் வூட்ட லிஸ்ட்ல வச்சதே பெருசு, கம்முனு எய்து" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பேனாவை எடுத்து ஜானட் பெயரை அடித்தேன், ஸ்கேல் வைத்து நேராக அடித்தேன்.

பதினான்காம் நாள் சுரூபம் அவள் தெரு வழியாகப் போனது. வாசலைக் கழுவி, மேசைக்கு வெள்ளைத்துணி விரித்து, மல்லிகைச் சரத்தோடு நின்றிருந்தாள். நாங்கள் அருள் நிறைந்த மரியே என்று உரக்கச் சொல்லிக்கொண்டே அவளைத் தாண்டினோம், நம் அன்பியத்து அடைக்கலமேரிக்கு அங்கே வந்ததும் குரல் இன்னும் ஏறியது. "இன்னா தாத்தா, மாதா எங்க வூட்டாண்ட நிக்க மாட்டாங்களா?" என்று ஜானட் கேட்டாள். லிஸ்டில் இல்லையம்மா என்றேன். "லிஸ்ட் யாரு எய்தனது?" என்றாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

நேற்று நம் வீட்டு முறை. எந்த வீட்டுக்குப் போகிறதோ அந்த வீட்டுக்காரன்தான் சுரூபத்தைச் சுமக்க வேண்டும், வேறு யாரும் கை வைப்பதில்லை, உனக்கும் தெரியும். முந்தின நாள் மாதா இருந்த ஃப்ரெடி வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தேன், முனையில் வலப்பக்கம் திரும்பாமல் இடப்பக்கம் திரும்பிவிட்டேன். "யோவ் சவரி, உன் வூடு அந்தாண்டப்பா, கண்ணு அவிஞ்சி பூட்ச்சா?" என்று பின்னால் இக்னேஷியஸ் கத்தினார். மாதாவை விட்டுவிட்டுத் திரும்பிப் போகவும் முடியாது, என் கையிலிருந்து பிடுங்கவும் முடியாது, ஜெபமாலையைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். ஜானட் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், ஜெயவேல் சட்டையைத் தேடி ஓடினான். "இன்னா தாத்தா, சொல்ட்டு வரக் கூடாதா, வூடு கலீஜா கீது" என்றாள், அவ்வளவுதான், பழையதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வாஷிங் மெஷின் மேல் மாதாவை வைத்தோம். அடைக்கலமேரி வாசற்படியைத் தாண்ட மாட்டேன் என்று நின்றாள். வீட்டிலிருந்த ஒரே நாற்காலியை ஜானட் அவளிடம் கொண்டுபோய், "குந்து அக்கா, முட்டி வலிக்கும்" என்றாள். அடைக்கலமேரி உட்கார்ந்தாள். ஜெபம் முடிந்து வறுத்த மீன் வந்தது. பாவத்தின் வீட்டில் இக்னேஷியஸ் நான்கு துண்டு சாப்பிட்டார், முள்ளில்லாததாகப் பார்த்து.

நான் செய்தது இரக்கமா வீம்பா என்று எனக்கே தெளிவில்லை. ஆனால் கூட்டத்தில் உன்னைச் சொன்னபோது வாய்மூடி இருந்தேனே, அதில் சந்தேகமே இல்லை, அது கோழைத்தனம். அப்பாவை மன்னித்துக்கொள். ஞாயிறு அன்பியக் கூட்டம் நம் வீட்டில். நீயும் மாப்பிள்ளையும் பதிவுத் திருமணத்தன்று எடுத்த படத்தை பீரோவிலிருந்து எடுத்து ஹாலில் மாட்டிவிட்டேன், இக்னேஷியஸ் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே.

மாப்பிள்ளையை வண்டி மெதுவாக ஓட்டச் சொல், நீ இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. உங்கள் இருவர் தலைமேலும் என் கை இருக்கிறது.

ஆசீர்களுடன் அப்பா,
ம. சவரிநாதன்