தூர்

ஜூலை 8, செவ்வாய்
புழுக்கம். காற்றே இல்லை.

இல்லை மேடம், தெருச்சுவரில் இருக்கிற அந்த ஓட்டை ரொட்டி வாங்கும் ஜன்னல் இல்லை. நீங்கள் சிரித்துவிட்டு வண்டியேறிப் போய்விட்டீர்கள், நான் இங்கே நோட்டில் சண்டை போடுகிறேன். ரொட்டி வாங்க எந்த முட்டாள் கைக்குழந்தை அகலத்துக்குச் சுவரைக் குடைவான்? எஞ்சினியருக்குப் படித்த மூளை இதைக் கேட்க வேண்டாமா?

நான் வளர்ந்த அநாதை இல்லம். இப்போது டூரிஸ்டுகள் தங்க ரிப்பேர் நடக்கிறது, நான் தினமும் போய் நிற்கிறேன். மேடம் பிளானில் எது எது இருக்கும்:
மாடிப்படி மரக் கைப்பிடி.
மெட்ராஸ் டெரஸ் கூரை.
ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிற ஜன்னல்கள். ("எவ்ளோ வெளிச்சம் தாத்தா!" "வெளிச்சத்துக்கு இல்ல மேடம். நாங்க தெருவப் பாக்கக்கூடாதுன்னு வச்சது.")
தெருச்சுவர் ஓட்டைக்கு மட்டும் சிவப்பில் பெருக்கல் குறி. அடைக்க வேண்டுமாம்.

அதன் பெயர் தூர். பிரெஞ்சு வார்த்தை, சுற்றுவது என்று அர்த்தம். அப்போது அதில் ஒரு பக்கம் மட்டும் திறந்த மரப்பெட்டி இருந்தது. தெருவில் நின்று பிள்ளையை வைத்துச் சுற்றினால் வாய் உள்பக்கம் திரும்பும். மணியடிக்கும். மாசேர், அதாவது கன்னியாஸ்திரி, வந்து தூக்கிக்கொள்வார். வைத்தது யார் என்று தெரியாது.

கேட் வழியாக வந்தவர்கள் கேட்டுப் பசங்க. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாமா வருவார், முறுக்கு வரும். நாங்கள் தூர்ப் பசங்க. மாமா இல்லை. ஆனால் அவர்கள் முறுக்கில் பாதி எங்களுடையது.

நான் எங்கிருந்து வந்தேன் என்பதற்கு வேறு காகிதம் கிடையாது. அந்த ஓட்டைதான்.

கால் வீக்கம். உப்பைக் குறைக்கணும்.

ஜூலை 9, புதன்
காலையில் தூறல். குடை மறந்தேன்.

"ரொட்டி இல்லன்னா வேற என்ன தாத்தா?" என்று மேடமே கேட்டார். நல்ல சந்தர்ப்பம். என் வாய் இருக்கிறதே! "கவர்னர் வீட்டுப் பூன வர்ற வழி" என்றேன். சிரித்தார். சிரித்ததும் எனக்கு உற்சாகம். "இல்ல இல்ல, மழ அளக்குற பெட்டி" என்றேன். அதற்கும் சிரித்தார். உண்மைக்கு முறை வரவே இல்லை.

பொட்டிக்கடையில் சாக்பீஸ் ஒரு டப்பா. எல்லோரும் போன பிறகு ஓட்டைக்கு மேலே முழ உயர எழுத்தில் எழுதினேன்: தூர். பெயர் இருக்கிற ஒன்றை அடைக்கக் கை கூசும் இல்லையா?

ஜூலை 10, வியாழன்
வெயில். டீ குடிக்கவில்லை, காரணம் கீழே.

போய்ப் பார்த்தால் ஓட்டையில் நாலு வரி செங்கல்!

"யோவ் மேஸ்திரி, என்னாய்யா பண்ற?"

மேஸ்திரி கோரிமேட்டிலிருந்து பஸ்ஸில் வருபவர். நல்ல மனிதர். "நீங்கதான பெரியவரே எழுதி வச்சிருக்கீங்க, தூர்னு? மேடமும் அடைக்கச் சொன்னாங்க. சரி, எல்லாரும் ஒண்ணாதான் சொல்றாங்கன்னு தூத்துட்டேன்."

கிணற்றை மண் போட்டுத் தூர்க்கிற தூர்! என் கையெழுத்தாலேயே எனக்குச் சமாதி. மூணாங்கிளாஸோடு நின்றவன் தமிழ் இப்படித்தான் வேலை செய்யும்.

விட்டுவிடுவேனா? சாக்பீஸை எடுத்தேன். பக்கத்தில் இன்னொரு வார்த்தை சேர்த்தேன்: வாரு.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "தூர் வாரு. யோவ், இது என்னா கெணறா?"

"ஆமாய்யா. இதுலேருந்துதான் என்ன மொண்டாங்க."

அவர் சிரிக்கவில்லை. பீடியை அணைத்தார். எல்லாம் கேட்டார், எல்லாம் சொன்னேன். இவரிடம் ஒரு பொய்கூட வரவில்லை, ஆச்சரியம்.

"கலவ இன்னும் ஈரந்தான், வந்துரும்" என்று ஒவ்வொரு கல்லாக எடுத்தார். அடியில் பெட்டி சுழன்ற இரும்பு முளை. துருப்பிடித்திருக்கிறது, அசையவில்லை. என்னை மாதிரி.

"மேடம் கேட்டா?"

"எழுதியிருந்தத படிச்சேன்னு சொல்லு."

ஜூலை 11, வெள்ளி
கடல் காற்று. சட்டையில் பொத்தான் போச்சு.

மேடம் பத்து மணிக்கு. "யாரு பிரிச்சது இத?" மேஸ்திரி சுவரைக் கைகாட்டினார். மேடம் படித்தார். முகம் சிவந்தது.

"தாத்தா, வெளையாடாதீங்க. மேஸ்திரி, சாயங்காலத்துக்குள்ள அடைங்க."

நான் தெருப்பக்கம் போய் ஓட்டைக்குள் தலையையும் ஒரு தோளையும் நுழைத்துவிட்டேன். மறு தோள் சிக்கியது. அன்றைக்கு முழுசாகப் போனவன்.

"அடைக்கிறதுன்னா என்னோட சேத்து அடைங்க மேடம்."

"இன்னைக்கு என்ன கதை? பூனையா, மழையா?"

"இன்னைக்கு கதையில்ல. ஒரு பொம்பள இங்க வந்து நின்னா. கையில நான். பொறந்து ரெண்டு நாளுகூட—"

அவர் போன் அடித்தது. "ஹலோ சார்" என்றபடியே மாடிப்படி ஏறினார்.

"—ஆவல. மணிய ஒருதரம் இல்ல மேடம், மூணுதரம் அடிச்சிருக்கா. மாசேர் சொல்லும். ஏன் தெரியுமா—"

மேலே செருப்புச் சத்தம்கூடத் தேய்ந்து மறைந்துவிட்டது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். மேஸ்திரி ஒரு கல்கூட வைக்காமல் கரணையைக் கழுவிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.