தவக்கால வெள்ளியில் மத்பி

ஏட்டி, மசாஃபி தாண்டி மலை வளைவில் கார்க் கண்ணாடியை இறக்கியதும் ஆட்டுக் கொழுப்பு சூடான கல்லில் உருகும் மணம் உள்ளே வந்தது. எட்டு வருஷம் முன்பு நீயும் நானும் வந்த அதே கடை. கரியைப் பரப்பி, அதன்மேல் கூழாங்கற்களை அடுக்கி, கல் காய்ந்ததும் இறைச்சியை நேராக அதில் போட்டு வாட்டுகிறார்கள். உப்பைத் தவிர வேறொன்றும் சேர்ப்பதில்லை. மத்பி என்று பெயர். இன்று தவக்கால வெள்ளிக்கிழமை, நாம் இறைச்சி தொடக்கூடாத நாள். தெரிந்தேதான் வந்திருக்கிறேன்.

அன்றைக்குத் தெரியாமல் வந்தோம். அப்போது இந்த அரபு நாட்டில் வெள்ளிதான் வார விடுமுறை, ஞாயிறு பூசையையும் வெள்ளி காலையில்தான் கண்டோம். நம் கடற்கரை ஊரில் ஞாயிறு பூசை முடிந்தால் வீட்டில் இறைச்சி வெந்தாக வேண்டும். அந்தப் பழக்கம் நம்மை விடுமா? பூசை முடிந்த கையோடு, அல் குசைஸ் ரூமுக்குத் திரும்பாமல் உன் பழைய காரை மலைப்பக்கம் விட்டாய். ஆஸ்பத்திரியும் ரூமும் தவிர எதையும் பார்க்காத இரண்டு நர்சுகளுக்கு அதுதான் முதல் பயணம். ஐந்து முறை தோற்று நீ லைசென்ஸ் வாங்கிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. லாரி கடக்கும்போதெல்லாம் நான் அருள் நிறைந்த மரியே சொன்னேன். "ஜெபம் போதும், சைடு பாரு" என்றாய்.

கடையில் முழுக்க ஆண்கள். மலையாளி சப்ளையர் நம்மைப் பார்த்ததும், "சேச்சி, ஃபேமிலி ரூம் அகத்துண்டு" என்று கதவு போட்ட அறையைக் காட்டினார்.

"நாங்க கல்லு பாக்க வந்திருக்கோம், கதவு பாக்க வரல்ல" என்று சொல்லி அடுப்புக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டாய். அவர் தலையைச் சொறிந்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்தார்.

பெரிய தாம்பாளத்தில் சோறும் அதன்மேல் இறைச்சியும் வந்தன. நீ முதல் துண்டை மென்று விழுங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

"ஏட்டி, இன்னைக்கு வெள்ளி. தவக்காலம்லா."

"காலைல ஞாயித்துக்கிழம பூசதான கண்டோம்?"

"பூசதான் ஞாயித்துக்கிழமைக்கு உள்ளது. கிழம வெள்ளிதான்."

நீ அடுத்த துண்டைப் பிய்த்தாய். "அப்ப ஆண்டவரும் நம்மள மாதிரி கொழம்பித்தான் இருப்பாரு. தின்னு."

நான் கையிலிருந்த துண்டைத் திரும்ப வைத்துவிட்டு வெறும் சோற்றைத் தின்றேன். என் பங்கையும் நீயே தின்றாய். "மொளகுப்பொடி இல்லாமலே இப்படி ருசிக்குமாட்டி" என்று விரலைச் சூப்பினாய்.

அடுத்த வாரம் அதை நம் ஜெபக்குழுவில் சொன்னது நான்தான். சிரிப்புக்காகச் சொன்னேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். நான் தொடவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னேன். நல்லவள் பட்டம் வாங்கத்தான் சொன்னேன்.

ஆறு வருஷம் கழித்து உன் வயிற்றில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது. ஜெபக்குழுவை நடத்தும் அக்கா பார்க்க வந்தார். உன் கட்டிலருகே நின்றுகொண்டே, "தவக்கால வெள்ளியில இறைச்சி தின்ன வயிறுல்லா" என்றார். மறுபக்கம் உன் தலையணையைச் சரிசெய்துகொண்டிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. அவர் போன பிறகு, "விடுட்டி, அவியளுக்கும் ஒரு காரணம் வேணும்லா" என்று நீதான் என்னைத் தேற்றினாய். அன்று வாய் மூடி நின்றதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. போன வருஷம் இதே தவக்காலத்தில் ஊரில் கண்ணை மூடினாய்.

போன வாரம் அக்கா வீட்டு மாடியில் உன் ஆண்டு நினைவு ஜெபம். அக்கா கண்ணை மூடி, "நோன்பை முறித்த இந்த மகளின் பாவத்தை மன்னியும்" என்று தொடங்கினார். நான் எழுந்துவிட்டேன்.

"அக்கா, அந்த வரிய எடுங்க. பன்னெண்டு வருஷமா கேன்சர் வார்டுல டூட்டி பாக்கேன். ஒரு நோன்பு விடாதவங்களுக்கும் இந்தக் கட்டி வருது."

"உனக்கு இவ்வளவு வாய் எப்ப வந்துது?"

"பிந்திட்டு. ரெண்டு வருஷம் முன்னாலயே வந்திருக்கணும்."

"அப்ப நீ இந்தக் குழுவுல இருக்க முடியாது."

"செரி" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கத் தோன்றவில்லை.

நோன்பு மேல் எனக்குக் கோபமில்லை. மற்ற வெள்ளிகளில் கஞ்சியும் பயறும்தான். இன்று மட்டும் முழுத் தாம்பாளம் வாங்கினேன். ஓரம் கருகி உள்ளே இளகிய இறைச்சி, நீ சொன்னது சரிதான், மொளகுப்பொடி வேண்டியதில்லை. ஜெபக்குழுவின் வாட்ஸ்அப்பிலிருந்து இன்னும் என்னை நீக்கவில்லை. தாம்பாளத்தைப் படம் எடுத்து அங்கே போட்டேன். கீழே, "இன்று வெள்ளி என்று எனக்குத் தெரியும்" என்று எழுதினேன்.

என்றைக்காவது என் ஸ்கேனிலும் ஏதாவது தெரியலாம். யாருக்கும் வரும் என்று தினமும் பார்க்கிறவள் நான். அப்போது இந்தப் படத்தைத்தான் காட்டுவார்கள். காட்டட்டும். உன்னைச் சொன்ன வாயால் என்னையும் சொல்லட்டும். இனி அந்தப் பழியில் நீ தனியாக இல்லை.