தலையாட்டலில் கைமாறிய விமானம்

ஜூன் 11

தேதி வந்துவிட்டது! இருபத்தெட்டாம் தேதி விமானக் கட்டுப்பாட்டு அறையில் எனக்குத் தனியாக உட்காரும் தேர்வு. தேறினால் கொல்கத்தாவின் மேற்கு வானம் என் பொறுப்பு. முதுகுக்குப் பின்னால் பயிற்சியாளர் நாற்காலி இருக்காது. அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இனிமே நான் பிளேன்ல ஏற மாட்டேன்" என்கிறாள். இதுவரை ஏறியதே இல்லை!

தேறுகிறவர் அறை முழுவதற்கும் மண்சட்டியில் மிஷ்டி, அதாவது இனிப்புத் தயிர், வாங்கித் தர வேண்டும். இப்போதே எந்தக் கடை என்று சண்டை.

ஜூன் 15

என் எல்லையைத் தாண்டும் விமானங்கள் பக்கத்து நாற்காலிக்காரன் தேபோத்தமிடம் போகின்றன. கிழக்கு வானம் அவனுடையது. கல்லூரியிலிருந்தே நண்பன். ஒரு விமானம் வரும் உயரத்தை அவனிடம் சொன்ன பிறகு அதை மாற்றினால் நான் மறுபடி மைக்கில் சொல்ல வேண்டும், அவன் திருப்பிச் சொல்ல வேண்டும். அதுதான் விதி. நாங்கள் அதைக் கண்ணாலேயே முடித்துவிடுகிறோம். நான் விரலை மேலே காட்டுவேன், அவன் தலையாட்டுவான். என்ன வேகம்!

"உங்க ரெண்டு பேருக்கும் மைக் எதுக்கு? வித்துடுங்க" என்றார் டீ கொண்டுவரும் ஹாரு-தா, எங்கள் எல்லோருக்கும் அண்ணன். கர்வமாக இருந்தது.

ஜூன் 20

எழுதியே ஆக வேண்டும்.

மழை மேகம். பாங்காக் போகும் விமானம் குலுங்கியது. விமானி இன்னும் மேலே போகக் கேட்டார். முப்பத்தைந்தாயிரம் அடி கொடுத்தேன். அது முப்பத்து மூன்றில் வருவதாகத் தேபோவிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. விரலை மேலே காட்டினேன். அவன் என் பக்கம் திரும்பித் தலையாட்டினான். ஆட்டினானே!

பின்னால் இருந்த என் பயிற்சியாளர் மிதாலி-தி (அக்காவை இங்கே 'தி' என்போம்), "அவன்கிட்ட சொன்னியா?" என்று கேட்டார்.

"சொன்னேன், தி."

அவன் பகுதியில் அதே முப்பத்தைந்தில் தெற்கிலிருந்து இன்னொன்று வந்துகொண்டிருந்தது. திரையில் இரண்டு பெயர்களும் சிவந்தன. தேபோ ஒன்றை வலப்பக்கம் திருப்பினான். குரல் கொஞ்சமும் மாறவில்லை, காது மட்டும் ரத்தமாய்ச் சிவந்திருந்தது. விதி கேட்கும் இடைவெளியில் பாதிதான் இருந்தது. எல்லோரும் பத்திரம். எல்லோரும் பத்திரம். எத்தனை பேர் தூங்கிக்கொண்டிருந்தார்களோ உள்ளே.

மூன்று பேரையும் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டார்கள். என் தேர்வு நின்றது. அது போகட்டும். மிதாலி-தி என்ன பாவம் பண்ணாங்க?

ஜூன் 21

தேபோ போன் செய்தான். "நீ விரல் காட்டினதை நான் பாக்கவே இல்லடி. உனக்குப் பின்னால வாசல்ல ஹாரு-தா கெட்டிலைத் தூக்கி, வேணுமான்னு கேட்டாரு. நான் டீக்குத் தலையாட்டினேன்."

டீக்கு! சிரித்துவிட்டேன்.

ஜூன் 24

விசாரணை. ஒலிப்பதிவைப் போட்டார்கள். மிதாலி-தியின் "சொன்னியா?" தெளிவாகக் கேட்டது. என் "சொன்னேன், தி" அதைவிடத் தெளிவு. அதற்கு முன்னால் நான் சொன்னது எங்கே? மழைச் சத்தம்கூட இல்லை.

பொய் சொல்கிறோம் என்று தெரியாமலே சொல்லியிருக்கிறேன். மிதாலி-தி என்னைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 28

தேர்வு நடந்திருக்க வேண்டிய நாள். ரசம் போல ஒரு பருப்பு வைத்தேன். அம்மா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

ஜூலை 17

தீர்ப்பு! மூவருக்கும் மறுபயிற்சி. உரிமம் பிழைத்தது! மிதாலி-தி என்னைக் கைவிட்டுவிடுவார் என்று நினைத்தேன். நடைபாதையில் மடக்கினார். "இன்னொருத்தர்கிட்ட போய்க் கத்துக்கலாம்னு பாக்குறியா? அந்த ஆளும் உன்னால மாட்டணுமா? மறுபயிற்சி முடிஞ்சதும் என்கிட்டயே வா." மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறினேன்.

ஆகஸ்ட் 9

மைக்கில் வாய் ஓயாமல் பேசுகிறேன். வீட்டில் அம்மா உப்பு கேட்டால் "உப்பு, கொடுத்துவிட்டேன்" என்கிறேன். "பைத்தியம் முத்திடுச்சு" என்கிறாள்.

ஆகஸ்ட் 30

தேறிவிட்டேன்!! தேறிவிட்டேன்! நாளை தனியாக. தயிர் சொல்லியாகிவிட்டது. தூக்கம் வரப்போவதில்லை.

ஆகஸ்ட் 31

பின்னால் நாற்காலி இல்லை. இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

முதல் மணிநேரத்திலேயே ஒரு விமானம் உயரம் மாற்றியது. கிழக்கே போவது. பக்கத்தில் தேபோ. மைக்கை அழுத்தி முழுப் பெயர், பழைய உயரம், புது உயரம் எல்லாவற்றையும் சொன்னேன். கையெட்டும் தூரத்தில் இருப்பவன் என்னைப் பார்க்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், முன்பின் தெரியாத ஆளிடம் பேசுவது போல ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிச் சொன்னான்.

வாசலில் ஹாரு-தா கெட்டிலைத் தூக்கியபடி நின்றார். தேபோ கடைசி எண்ணைச் சொல்லி, என் "சரி" காதில் விழும்வரை தலையை அசைக்கவே இல்லை. பிறகு திரும்பி, வாய்விட்டுச் சொன்னான்: "வேணும், ஹாரு-தா. சர்க்கரை கம்மியா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்க நேரமில்லை, அடுத்த விமானம் அழைத்தது.