ஃபேன் இல்லாத போர்டு

15 அக்டோபர் 2007, திங்கள்

ரிச்சி தெரு மொத்த வியாபாரி பட்டாபிராமன் சனிக்கிழமை கொண்டுவந்து கொடுத்த மதர்போர்டை இன்று காலை பெஞ்சில் ஏற்றினேன். சாம்பிள். விலை பதினெட்டாயிரத்து ஐநூறு. அந்தக் காசுக்கு என் தாம்பரம் கடையில் ஒரு முழு கம்ப்யூட்டரே கட்டிக் கொடுத்துவிடுவேன், மானிட்டரோடு. ஆனால் இது பில் போட வாங்குகிறவனுக்கான சரக்கு இல்லை. பிராசசரை கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேலே விரட்டிப் பார்க்கிற பைத்தியங்களுக்கு.

இதன் விசேஷம், சத்தம் கிடையாது. மற்ற போர்டுகளில் சிப் மேல் ஒரு குட்டி ஃபேன் உட்கார்ந்து ஙொய்யென்று கத்தும். இதில் அது இல்லை. பதிலுக்கு செம்புக் குழாய் ஒன்று போர்டைச் சுற்றி வளைந்து போகிறது. சூட்டை அதுவே இழுத்து வெளியே விட்டுவிடுமாம். "நகை மாதிரி இல்ல சார்?" என்றார் பட்டாபிராமன். நகை மாதிரிதான். அதனால்தான் எனக்கு சந்தேகம். கானத்தூர் குப்பத்திலிருந்து கூடை தூக்கி மீன் விற்ற காலத்துப் புத்தி, பளபளப்பைக் கண்டால் செவுளைத் தூக்கிப் பார்க்கச் சொல்லும்.

ஞாயிறு பசங்களுக்காகத்தான் இந்தச் சோதனை. மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம் ஃபிளாட்டில் இருந்துகொண்டு ஓ.எம்.ஆர். ஐ.டி. கம்பெனிகளுக்குப் போகிற எட்டு ஒன்பது பேர். ஞாயிறு கடைக்கு லீவு. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தால் குனிந்து குனிந்து உள்ளே வருவார்கள். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம். புது போர்டு எது வந்தாலும் நான் ஏழு நாள் ஓட்டிப் பார்த்து ஒரு வெள்ளைத்தாளில் எழுதுவேன். மேலே 'வாங்கலாம்' அல்லது 'வேண்டாம்'. கீழே காரணம். ஸ்நேகா அதை இங்கிலீஷில் அடித்து, இணையத்தில் அவர்கள் குழுவில் போடுவாள். எட்டாவதோடு நின்றவன் எழுதியதை பி.இ. படித்தவன் எல்லாம் படிக்கிறான்.

என் மனைவி முத்தாலு இன்று போன் பண்ணவில்லை. மகள் ஷர்மிளாவின் பிரசவத்துக்கென்று புனே போனவள். எட்டு மாசம் ஆகிறது.

18 அக்டோபர், வியாழன்

நாலாம் நாள். 2.4 கிகாஹெர்ட்ஸ் பிராசசரை 3.2-க்கு ஏற்றி, மூச்சு விடாமல் வேலை கொடுக்கிற சோதனையைப் போட்டேன். அசையவில்லை. இரவிலும் ஓடட்டும் என்று எதையும் அணைக்காமல் அப்படியே பூட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் ரசம் மட்டும்.

21 அக்டோபர், ஞாயிறு

ஒன்பது பேரும் வந்துவிட்டார்கள். இரண்டு ஸ்டூலில் மூன்று பேர்.

"அண்ணா, கதை வேணாம். வாங்கலாமா, வேணாமா?" – ஸ்நேகா. அந்தப் பெண்ணுக்கு எப்போதும் பொறுமை கிடையாது.

ஷ்யாம்சுந்தருக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். வீட்டு ரூமிலேயே மைக் வைத்து பாட்டு ரெக்கார்டிங் செய்கிறவன். "சத்தம் வரக்கூடாதுண்ணா. மைக் கொசுவைக்கூட விடாது."

தாளை எடுத்து நீட்டினேன். 'வாங்கலாம். ஏழு நாளில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. தனியாக ஃபேன் தேவையில்லை.' கடைசி வரிக்கு அடிக்கோடு போட்டிருந்தேன். ஒன்பது பேரும் அங்கேயே ஆர்டர் சொன்னார்கள்.

பரணி என் பஜ்ஜித் தட்டைக் காலி செய்துகொண்டே ஷ்யாம்சுந்தரிடம், "அண்ணி ஊர்லேர்ந்து வந்தா நம்மளை உள்ள விடமாட்டாங்க மச்சான், இப்பவே நல்லா சாப்ட்டுக்கோ" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

ஐந்தரைக்குப் போனார்கள். அதற்கப்புறம் கடையில் கொஞ்ச நேரம் இருந்தேன். வேலை ஒன்றும் இல்லை.

8 நவம்பர், வியாழன். தீபாவளி

வரமுடியவில்லை, குழந்தைக்குச் சளி என்று முத்தாலு நேற்று சொன்னாள். சரி என்றேன். அப்புறம் கடைக்குப் போய் சாம்பிள் போர்டை மெஷினோடு ஆட்டோவில் தூக்கிப்போட்டு இரும்புலியூர் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஏன் என்று கேட்டால் இன்னொரு சோதனை என்று சொல்லியிருப்பேன். யார் கேட்கிறார்கள்? வூட்ல ஏதாவது ஒண்ணு ஓடிக்கினு இருந்தா தேவலைன்னு தோணிச்சு. அவ்வளவுதான்.

காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்தேன். மழைக் குளிர், மின்விசிறி போடவில்லை. அதே சோதனை, அதே 3.2. வெளியே வெடிச் சத்தம்.

பதினொன்று இருபதுக்கு ஸ்க்ரீன் அப்படியே நின்றுவிட்டது.

திருப்பிப் போட்டேன். நாற்பது நிமிஷம். நின்றது. செம்புக் குழாய்மேல் விரலை வைத்தேன், அப்படியே கொப்புளம்.

அதே ரேம் மெமரி, அதே பவர் சப்ளை, அதே பிராசசர். வீட்டில் என்ன மாறியது? ஒன்று ஒன்றாகக் கழற்றி மாட்டினேன். மதியம் சாப்பிடாமல் யோசித்தேன். அப்புறம் புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்பா அது?

கடையில பெஞ்சு பக்கத்துல பெடஸ்டல் ஃபேன் ஓடுது. எனக்குக் காத்து வேணும்னு வாங்கிப் போட்டது. ஏழு நாளும், ராத்திரி பகல், அது ஓடிக்கினே இருந்திருக்கு. நேரா போர்டு மேல. செம்புக் குழாயும் இல்ல, மண்ணும் இல்ல, என் ஃபேன்தான் அதைக் காப்பாத்தியிருக்கு. 'தனியாக ஃபேன் தேவையில்லை' – அடிக்கோடு வேற.

பதினாலு வருஷம் இந்தத் தொழில்ல.

9 நவம்பர், வெள்ளி

பட்டாபிராமனுக்கு போன் செய்தேன். "ஸ்பெஷல் ஆர்டர் சார், பெட்டியே பிரிக்கலன்னாலும் திரும்ப எடுக்க மாட்டாங்க." ஒன்பது போர்டும் நாளை வருகிறது.

வழி இருக்கிறது. நாலு சென்டிமீட்டர் குட்டி ஃபேன் ஒன்றைக் குழாய்மேல் பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டினேன். காலையிலிருந்து ஓடுகிறது, நிற்கவில்லை. ஆக போர்டு கெட்ட போர்டு இல்லை. கொஞ்சம் காற்று வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

இதைச் சொல்லிவிட்டால் முடிந்தது. ஏன் மனசு வரவில்லை?

சரி, இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது, எழுதிவிடுகிறேன். ரிச்சி தெருவில் எந்தப் பொருளும் என்னைவிட முந்நூறு ரூபாய் குறைவு. அது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் தாம்பரம் வருவது என் விலைக்காக இல்லை, என் தாளுக்காக. தாள் தப்பு என்றால் எதற்கு வரவேண்டும்? வாரத்தில் ஆறு நாள் என்னோடு பேசுகிறவர்கள் எல்லாரும் பிரின்டர் மசி கேட்டு வருகிறவர்கள்.

11 நவம்பர், ஞாயிறு

ஒன்பது போர்டு கொடுத்தேன். ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு குட்டி ஃபேன், ரிப்பன் மாதிரி சுற்றி. "தீபாவளிக்கு அண்ணன் பரிசு. குழாய் மேல மாட்டிக்கோங்க."

"ஃபேன் தேவையில்லன்னு நீங்கதானே எழுதினீங்க?" – ஸ்நேகா.

"இருந்தா நல்லதும்மா. போர்டு ஆயுசு கூடும்."

பார்த்தாள். பையில் போட்டுக்கொண்டாள். நல்ல வியாபாரி நான்.

17 நவம்பர், சனி

ஷ்யாம்சுந்தர் மெஷினை பைக்கில் கட்டி எடுத்து வந்தான். ரெக்கார்டிங் நடுவில் நின்றுவிடுகிறதாம், நாலு தடவை. திறந்து பார்த்தேன். ஃபேனை மாட்டவில்லை. "அது கத்துதுண்ணா, மைக்ல விழுது. நீங்களும் தேவையில்லைன்னுதானே சொன்னீங்க."

பெஞ்சில் வைத்து ஓட்டினேன். பெடஸ்டல் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு மணி நேரம் குதிரை மாதிரி ஓடியது.

"உங்க கடையில மட்டும் எப்படிண்ணா ஓடுது? என் வூட்ல பேய் கீய் இருக்கா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வந்தது வேறு. "மேடவாக்கத்துல கரண்ட் சரியில்ல தம்பி. வோல்டேஜ் எறங்கி ஏறுது. நல்ல யூபிஎஸ் ஒண்ணு போடு."

வாங்கிக்கொண்டான். என்னிடமே. பைக்கில் அதையும் வைத்துக் கட்டிக் கொடுத்தேன்.

எழுதும்போது கையெழுத்தைப் பார்க்கிறேன். என் கையெழுத்துதான்.

24 நவம்பர், சனி

ஷ்யாம்சுந்தர் போன். ஒரு குறும்படத்துக்குப் பின்னணி இசை, திங்கட்கிழமை கொடுக்கவேண்டியது. மறுபடி நின்றிருக்கிறது. ஃபைல் போய்விட்டது. பத்து நாள் வேலை.

"யூபிஎஸ் போட்டும் அப்படியேதான்ணா. வேற என்னவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

நாளை வா, சொல்கிறேன் என்றேன்.

25 நவம்பர், ஞாயிறு

எல்லாரும் இருக்கும்போதே சொன்னேன். தனியாகச் சொன்னால் பாதியை முழுங்கிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். பெடஸ்டல் ஃபேன், தீபாவளி அன்று வீட்டில் நின்றது, பரிசு என்று சொன்ன பொய், எல்லாம். யூபிஎஸ் காசை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

பரணிதான் முதலில், "பெடஸ்டல் ஃபேனை ரிவ்யூ பண்ணியிருக்கோம்டா மூணு வருஷமா" என்றான். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிறகு அவனே தலையைக் குனிந்துகொண்டான்.

"டெஸ்ட் தப்பாப் போறது சகஜம்ணா. எனக்கும் ஆபீஸ்ல தெனம் ஆகுது" என்றாள் ஸ்நேகா. "எட்டாம் தேதியே ஒரு எஸ்எம்எஸ் போட்டிருந்தா, ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்."

ஷ்யாம்சுந்தர் கடைசியில்தான் பேசினான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"போர்டை விடுங்கண்ணா. யூபிஎஸ் ஏன் வித்தீங்க?"

மேஜைமேல் இருந்ததை அவன் பக்கம் தள்ளினேன். காசை எண்ணாமல் எடுத்துக்கொண்டு போனான். மற்றவர்களும் ஒவ்வொருவராக.

2 டிசம்பர், ஞாயிறு

ஷட்டரைப் பாதி இறக்கி வைத்தேன். நாலு மணிக்கு முழுசாக இறக்கினேன்.

9 டிசம்பர், ஞாயிறு

யாரும் இல்லை.

இணையத்தில் பழைய தாள் அப்படியே இருக்கிறது. சென்னையில் ஒன்பது பேர் சரி, மற்ற ஊர்க்காரன் அதை நம்பி வாங்கினால்? ஸ்நேகாவைக் கேட்க வாய் வரவில்லை. நானே என் பேரில் கணக்குத் திறந்தேன். தேவானந்தம், தாம்பரம். தமிழை இங்கிலீஷ் எழுத்தில், ஒற்றை விரலால், இரண்டு மணி நேரம் அடித்தேன். 'வாங்கலாம் என்று சொன்னது தப்பு. என் கடை ஃபேன் காற்று போர்டில் பட்டது. நான் கவனிக்கவில்லை. தெரிந்த பிறகும் பதினேழு நாள் சொல்லவில்லை.' கடைசி வரியை இரண்டு தடவை அழித்தேன். மூன்றாம் தடவை விட்டுவிட்டேன்.

13 டிசம்பர், வியாழன்

முத்தாலு போன். என்ன செய்தி என்றாள். எப்போதும்போல ஒண்ணுமில்ல என்று சொல்ல வந்து, முழுசையும் சொல்லிவிட்டேன். முடிக்கிற வரைக்கும் உம் கொட்டினாள்.

"தப்புன்னு தெரிஞ்சதும் அவங்களான்ட சொல்லிட்டீங்க."

"லேட்டாத்தான் சொன்னேன்."

"லேட்டானாலும் சொன்னீங்க இல்ல. முப்பது வருஷத்துல என்னான்ட ஒரு தபா தப்புன்னு சொல்லிக்கீறீங்களா?"

குழந்தை அழுகிறது என்று வைத்துவிட்டாள். குழந்தை அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

10 ஜனவரி 2008, வியாழன்

கூரியர். மேடவாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு கூரியர்! பஸ்ஸில் ஏறினால் முக்கால் மணி நேரம். உள்ளே வேறு கம்பெனியின் புது போர்டு. ஸ்நேகா டைப் செய்த ஒரு தாள்.

'அண்ணா, உங்க திருத்தத்தை ஆயிரம் பேருக்கு மேல படிச்சிருக்காங்க. இனிமே டெஸ்ட் இப்படி இருக்கணும்னு குழுவுல முடிவு பண்ணியிருக்கோம். பெட்டிக்குள்ள மூடி வைக்கணும். பக்கத்துல ஃபேன் கூடாது. ரூம் சூடு எழுதணும். ஏழு நாள். நீங்கதான் செய்யணும்னு எல்லாரும் கேட்கிறாங்க. முடிச்சதும் கூரியர்ல அனுப்பிடுங்க. நாங்க இப்ப ஷ்யாம் ஃபிளாட்ல மீட் பண்றோம்.' கீழே முகவரி.

நாலு தடவை படித்தேன். அவர்களுக்கு என் தாள் வேண்டும். கடைசி வரியில் முகவரி மட்டும்தான் இருந்தது, வாங்க என்று இல்லை.

18 ஜனவரி, வெள்ளி

ஏழு நாள் முடிந்தது. இரண்டு தடவை நின்றது. 'வேண்டாம்' என்று எழுதினேன். ஃபேன் போடாத கடையில் வியர்வையில் சட்டை நனைந்து காய்ந்து நனைந்தது.

பார்சல் கட்டி வைத்திருக்கிறேன். கூரியர்க்காரன் நாளை காலை வருவான்.

20 ஜனவரி, ஞாயிறு

கூரியர்க்காரனிடம் கொடுக்கவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறி, நானே மடியில் வைத்துக்கொண்டு போனேன். குடுத்துட்டு அப்படியே திரும்பிடணும். அப்படித்தான் நினைச்சேன்.

ஃபிளாட் வாசலில் வாட்ச்மேன், "டெலிவரியா?" என்றார். ஆமாம் என்றேன். லிஃப்டில் மூன்றாவது மாடி. கதவு திறந்தே இருந்தது, உள்ளே ஒரே இரைச்சல். ஷ்யாம்சுந்தர்தான் முதலில் பார்த்தான். வந்து பார்சலை வாங்கினான். தாளை அங்கேயே நின்று படித்தான்.

"ரெண்டு தடவை நின்னுதா?"

"ரெண்டு. மூணாம் நாளும் ஆறாம் நாளும்."

தலையை ஆட்டினான். போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. கதவைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து நின்றான். உள்ளேயிருந்து ஸ்நேகா, "அண்ணா, கூரியர்ல அனுப்பியிருக்கலாமே" என்று கத்தினாள். இந்தப் பக்கம் வேலை இருந்தது என்றேன்.

செருப்பைக் கழற்றினேன்.

இடமே இல்லை. பதினைந்து பேர் இருப்பார்கள், பாதிப் பேரை நான் பார்த்ததே இல்லை. தரையில் சுவர் ஓரமாக உட்கார்ந்தேன். என் தாள் கைக்குக் கை போனது. அதை வைத்து ஒருத்தரோடு ஒருத்தர் சண்டை போட்டார்கள். என்னை ஒருத்தரும் எதுவும் கேட்கவில்லை.

கண்ணாடி போட்ட ஒருத்தன், புதுசு, நான் யாரென்று தெரியாது, ஒயர் சுருளோடு என் முன்னால் வந்து நின்றான். "அங்கிள், கொஞ்சம் தள்ளிக்கறீங்களா? பிளக் உங்க பின்னாடி இருக்கு."

தள்ளி உட்கார்ந்தேன்.