பிடியை விடவும் தெம்பு வேண்டும்

நீண்ட ஆலோசனைக்குப் பின், இனி ஊறுகாய் பாட்டில் திறக்கும் பொறுப்பிலிருந்து விலகுவதென்று இன்று காலை முடிவெடுத்தேன். குடும்பம் அமைதியாக ஏற்றுக்கொண்டது. மூடி திறக்கவில்லை, சுண்டி இழுத்த விரல்கள் மூடியை விடவுமில்லை. அப்படியே நின்றபோது உங்கள் நினைவு வந்தது, சார்.

பள்ளியில் உயிரியல் நடத்திய நீங்கள், பக்கத்துக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த பாவத்துக்காக எனக்கும் நடத்தினீர்கள். ரிட்டயர் ஆனால் காலி செய்ய வேண்டும் என்பது நெய்வேலியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். பண்ருட்டியில் வீடு கட்டிப் பாலும் காய்ச்சியாயிற்று. ஆனால் கொல்லையில் நீங்கள் வைத்த பலாமரம் அந்த ஆண்டுதான் பிஞ்சு விட்டிருந்தது. பலாவுக்காகப் பண்ருட்டிக்குப் போக மறுத்தவர் இந்த மாவட்டத்தில் நீங்கள் ஒருவர்தான்.

"எப்பங்க காலி பண்றது?" என்று உங்கள் வீட்டம்மா கேட்பார். நீங்கள் என் பக்கம் திரும்பிப் பதில் சொல்வீர்கள்.

"தசைக்குள்ள ஆக்டின் இழையில டிரோபோமயோசின் செக்யூரிட்டி மாதிரி வழியை மறைச்சிக்கினு நிக்கும். கால்சியம் வந்து டிரோபோனினைத் தொட்டா, அது செக்யூரிட்டியை நகர்த்தும். மயோசின்னு இன்னொரு இழை பூந்து பிடிச்சு இழுக்கும். தசை சுருங்கிடும்."

"தளர்றதுக்கு?"

"அங்கதான் விஷயம். கால்சியத்தைத் திருப்பி அனுப்பவும் ஏடிபி, அதாவது ஒடம்போட சக்தி, வேணும், மயோசின் பிடியை வுடவும் ஏடிபி வேணும். அது தீந்துட்டா பிடிச்சது பிடிச்சபடி நிக்கும். செத்தவன் விறைக்கிறது அதனாலதான். விடறதுக்கும் தெம்பு வேணும்."

"அந்தத் தெம்பு எங்க கெடைக்கும்?" என்றேன்.

"சோத்துலதான்," என்றார் வீட்டம்மா. "அது ரெண்டு வேளையும் நல்லாத்தான் எறங்குது."

பலா பழுக்கும்வரை அவகாசம் வாங்கினீர்கள். கெடுவின் கடைசி நாள், விடியுமுன்பே சாவியோடு மரத்தடி நாற்காலியில் போய் உட்கார்ந்தீர்கள். சாமான் ஏற்ற லாரி வந்தபோது எழுந்திருக்கவில்லை.

"இதுவும் காலி பண்ணாம இருக்க ஒரு வழின்னு நெனச்சுட்டேன்," என்று பிறகு சொல்லிச் சொல்லி அழுதார் வீட்டம்மா.

மதியத்துக்குள் சாவியைச் சுற்றி விரல்கள் இறுகிவிட்டன. உங்கள் மச்சினர், "ஆபீஸ்ல ஒப்படைக்கணுமே, பிரிச்சுடலாங்க," என்று கையைப் பிடித்தார். நான் ஏடிபி பற்றி விளக்கினேன். அவர் என்னைப் பார்த்ததுபோலவே, உங்களைப் பலமுறை நானே பார்த்திருக்கிறேன்.

வீட்டம்மாதான் தடுத்தார். "வுடு. அவரா வுடட்டும்."

இன்று என் விரல்கள் சற்று நேரத்தில் மூடியை விட்டுவிட்டன. தெம்பு இன்னும் மிச்சமிருப்பது உங்கள் பாடத்தால்தான் எனக்குத் தெரிகிறது.

அன்று உங்கள் விரல்கள் தாமாகத் தளர மறுநாள் ஆயிற்று; குவார்ட்டர்ஸ் சாவி ஒரு நாள் தாமதமாக ஒப்படைக்கப்பட்டது.